பித்தப்பையும் அதில் விளையும் கல்லும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பெரிய மீன் வாங்குகிறவர்கள், அங்கேயே உட்கார்ந்து வெட்டித் தரும் பெண்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்து எடுத்துக்கொண்டு போவது வழக்கம். செதில் சீவுவதும் செவுளைப் பிடுங்குவதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வயிற்றைக் கீறிக் குடலை இழுக்கும்போது மட்டும் அந்தக் கை சற்று நிதானப்படும். ஈரலை ஒட்டினாற்போல் கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பை இருக்கும். அதை நசுக்காமல், கிழிக்காமல், அடியோடு கிள்ளி எறிந்த பிறகுதான் கை பழைய வேகத்துக்குத் திரும்பும். "ஏங்க்கா, அதுக்கு மட்டும் இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "பித்து ஒடஞ்சா மீனு பூரா கசந்துபூடும்மா, அப்பால கொழம்ப வாய்ல வைக்க முடியாது" என்றார்.

அந்தப் பித்துதான் பித்தப்பை. கோழிக்கடையில் ஈரலைத் தனியாகக் கேட்டு வாங்குகிறவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். நமக்கும் அது இருக்கிறது. உள்ளே இருக்கும் நீரும் அப்படியே கசக்கும். மீனிலும் கோழியிலும் இவ்வளவு பழக்கமான ஓர் உறுப்பு நம் வயிற்றில் இருப்பது, பலருக்கு ஸ்கேன் அறிக்கையில் "பித்தப்பையில் கல்" என்று படிக்கும் நாளில்தான் தெரியவருகிறது.

இதற்கு ஒரு காரணம் பித்தம் என்ற சொல்லே என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் தலை சுற்றினால் பித்தம். வாய் கசந்தால் பித்தம். குதிகாலில் வெடிப்பு வந்தால் பித்தவெடிப்பு. இளவயதில் முடி வெளுத்தால் பித்தநரை. வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் சொல்லும் மூன்றில் ஒன்றான பித்தம் உடலின் ஒரு தன்மையைக் குறிப்பது. பித்தப்பையில் தேங்கும் பித்தநீரோ கையால் தொடவும் அளந்து பார்க்கவும் கூடிய ஒரு திரவம். பெயர் ஒன்றாக இருப்பதால், பித்தப்பையில் கோளாறு என்றதும் எலுமிச்சைச் சாறும் இஞ்சிக் கஷாயமும் குடித்துப் பித்தத்தைத் தணிக்க முயல்கிறவர்கள் உண்டு. குதிகால் வெடிப்புக்கும் இந்தப் பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது எளிதாகப் புரியும்.

வலது பக்க விலா எலும்புகளுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு, பேரிக்காய் வடிவில், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில் பித்தப்பை இருக்கிறது. அது கொள்ளும் அளவு 30 முதல் 50 மில்லிலிட்டர்; டீக்கடை கிளாஸில் ஊற்றினால் பாதி நிறைந்தாலே அதிகம். ஆனால் பித்தநீர் ஒரு நாளைக்கு 600 மில்லிலிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. அதைச் சுரப்பது பித்தப்பை இல்லை, கல்லீரல். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல், பித்தப்பை அதை வாங்கி வைத்திருந்து வேளைக்குக் கொடுக்கும் பாத்திரம் மட்டுமே. அதில் வரும் நோயும், அந்த நோய்க்குச் செய்யும் வைத்தியமும் இந்த ஒன்றிலிருந்தே விளங்கும்.

பாத்திரம் எதற்கு? கல்லீரல் இரவும் பகலும் நிற்காமல் சொட்டுச் சொட்டாகச் சுரந்துகொண்டிருக்கிறது. குடலுக்கோ சாப்பிட்ட வேளையில் மட்டும், ஒரே சமயத்தில், நிறைய தேவைப்படுகிறது. நூலாக வடியும் தெருக்குழாயின் கீழே இரவில் குடத்தை வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் நிறைந்த குடத்தைத் தூக்கிவந்து சமையலைத் தொடங்கிய வீடுகள் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ உண்டு. பித்தப்பை அந்தக் குடம். பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பொதுப் பித்தநாளம் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் திறக்கும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. பெருஜியா நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோதே 1887-ல் அதை விவரித்த ருக்கேரோ ஒட்டியின் பெயரால் அது ஒட்டி சுருக்குத்தசை எனப்படுகிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அது இறுகி மூடியிருக்கும். குடலுக்குள் போக வழியில்லாத பித்தநீர் பின்வாங்கி, பக்கத்துக் குழாய் வழியாகப் பைக்குள் ஏறும்.

குடத்துக்கும் பைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. பித்தப்பையின் உட்சுவர் தன்னிடம் வந்த நீரிலிருந்து தண்ணீரையும் சில உப்புகளையும் உறிஞ்சி, மிச்சத்தைப் 5 முதல் 10 மடங்கு வரை கெட்டியாக்கிவிடுகிறது. இத்தனை சின்னப் பை இவ்வளவு சுரப்பைச் சமாளிப்பது அதனால்தான். ரசத்தைச் சுண்ட வைத்து எடுத்துவைப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டில்தான் பின்னால் கல்லுக்கும் இடம் கிடைக்கிறது.

இனி அந்த நீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பகுதி தண்ணீர். அதில் பித்த உப்புகள், லெசித்தின் என்ற ஒருவகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், பிலிரூபின் என்ற நிறமி ஆகியவை கலந்திருக்கின்றன. இவற்றுள் வேலைக்காரன் பித்த உப்புதான். வஞ்சிரம் வறுத்த தோசைக்கல்லை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். எண்ணெய் திட்டுத் திட்டாக ஒதுங்கி நிற்குமே தவிரப் போகாது. சோப்பைப் போட்டதும் திட்டுகள் உடைந்து பொடிப்பொடித் துளிகளாகித் தண்ணீரோடு ஓடிவிடும். பித்த உப்பும் அப்படியே ஒரு முனையால் கொழுப்பையும் மறுமுனையால் தண்ணீரையும் பற்றிக்கொள்ளும் பொருள். உணவில் வந்த கொழுப்பை அது நுண்துளிகளாக உடைத்துக் கொடுத்த பிறகுதான், கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி அந்தத் துளிகளைச் செரிக்க முடியும். கொழுப்போடு சேர்ந்தே உடலுக்குள் போகும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் இதை நம்பியே இருக்கின்றன. பித்தநீர் குடலுக்கு வராமல் பல நாள் அடைபட்ட நோயாளிக்கு அறுவை சிகிச்சைக்கு முன் வைட்டமின் கே ஊசி போடுவது இதனால்தான். அந்த வைட்டமின் குறைந்தால் இரத்தம் உறைவது தாமதப்படும்.

சமையலறை சோப்பைக் கழுவி ஊற்றிவிடுகிறோம். உடல் அவ்வளவு ஊதாரி இல்லை. வேலை முடிந்த பித்த உப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே மறுபடியும் கல்லீரலுக்கே போய்ச் சேருகிறது. உடலில் உள்ள மொத்தக் கையிருப்பு 2 முதல் 4 கிராம்தான். அதுவே ஒரு நாளில் பலமுறை சுற்றிவந்து மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஈடுகொடுக்கிறது.

பிலிரூபின் வேறு வகை. அது கழிவு. சுமார் 120 நாள் வாழ்ந்து முடித்த சிவப்பணுக்கள் உடையும்போது கிடைக்கும் நிறப்பொருளைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியே அனுப்புகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் கொடுப்பது குடலில் மாற்றமடைந்த இந்த நிறமியே. வழி அடைபட்டால் மலம் களிமண் போல வெளுத்துப்போகும், சிறுநீர் கருத்த தேநீர் போல வரும், கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும். கொலஸ்ட்ராலுக்கும் உடலை விட்டுப் போக முதன்மையான வழி பித்தநீர்தான். அதன் ஒரு பகுதியைக் கல்லீரல் பித்த உப்பாகவே மாற்றிவிடுகிறது. இன்னொரு பகுதியை அப்படியே பித்தநீரில் தள்ளிவிடுகிறது. இந்த இரண்டாவது பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையிலிருந்து நீர் எப்போது வெளியேற வேண்டும் என்பதைச் சொல்வது ஒரு ஹார்மோன். சாப்பாட்டின் கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. பித்தப்பையைச் சுருங்கவும் ஒட்டி தசையைத் தளரவும் வைக்கிறது. 1928-ல் ஐவி, ஓல்ட்பர்க் என்ற இருவர் இதைக் கண்டறிந்து, "பித்தப்பையை அசைப்பது" என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார்கள். பட்டினி கிடந்தால் இந்த ஹார்மோன் வராது, பை சுருங்காது, உள்ளிருப்பது உள்ளேயே தேங்கும்.

கல்லுக்கு வருவோம். நாட்டுமருந்துக் கடையில் கோரோசனை என்று கேட்டால் மஞ்சள் பழுப்பில் ஒரு பொருளைத் தருவார்கள். பச்சைக் குழந்தைக்குச் சளிக்கு உரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பாட்டிகளிடம் இருந்தது. உண்மையான கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் விளைந்த கல். மனிதரிடம் விளைந்தால் வலி என்றும் மாட்டிடம் விளைந்தால் மருந்து என்றும் பெயர் வாங்கிய ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

மனிதரிடம் விளையும் கல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு ஒரே ஆண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இருவர் வீட்டுக்கும் கல்லைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒன்றில், கொட்டைப்பாக்கு அளவில், வெளிர் மஞ்சளாக, கையில் எடுத்தால் எடையே இல்லாத ஒற்றைக் கல். மற்றதில் மிளகு போலக் கருத்து, சொரசொரப்பாக, விரலால் அழுத்தினால் நொறுங்குகிற இருபது முப்பது கற்கள். முதலாவது பெரும்பாலும் கொலஸ்ட்ராலால் ஆனது. இரண்டாவது பிலிரூபினால் ஆன நிறமிக் கல்.

கொலஸ்ட்ரால் கல் உண்டாகும் விதத்தைச் சொல்ல எண்ணூருக்கு வடக்கே, அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்கள் பாதி உதவும். பாத்தியில் நிற்கும் உப்புநீர் வெயிலில் சுண்டச் சுண்ட, இனித் தாங்காது என்ற அளவு வந்ததும் உப்பு மணி மணியாகப் பிரிகிறது. பித்தப்பைக்குள்ளும் கரைசல் தாங்கும் அளவைக் கடந்த பொருள்தான் படிகமாகிறது. உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் உப்பு தண்ணீரில் கரையும். கொலஸ்ட்ரால் கரையவே கரையாது. பித்த உப்பும் லெசித்தினும் தூக்கிச் சுமப்பதால்தான் அது பித்தநீரில் மிதக்கிறது. ஆகவே கொலஸ்ட்ரால் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதைச் சுமக்கும் இரண்டும் போதுமான அளவு இருக்கின்றனவா என்பதே கேள்வி. இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே, எனக்கு எப்படிக் கல் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அங்கே அளந்தது இரத்தத்தை, கல் விளைந்ததோ பித்தநீரில்.

சமநிலை கெட்டால் மட்டும் கல் வந்துவிடாது. முதலில் நுண்ணிய படிகங்கள் தோன்ற வேண்டும். பையின் உட்சுவர் சுரக்கும் கோழை அவற்றைப் பிடித்து வைக்க வேண்டும். பை சரியாகச் சுருங்காமல் அவை உள்ளேயே கிடக்க வேண்டும். படிகமும் கோழையும் சேர்ந்து சேறு போல் அடியில் படிந்த நிலையைத்தான் ஸ்கேன் அறிக்கையில் "ஸ்லட்ஜ்" என்று எழுதுகிறார்கள். நன்றாகச் சுருங்கும் பை அந்தச் சேற்றைக் குடலுக்குத் தள்ளிவிடக் கூடும். சோம்பிய பையில் அது கல்லாக வளர்கிறது. கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது, புரோஜெஸ்ட்ரான் பையின் அசைவைக் குறைக்கிறது. பிள்ளை பெற்ற பெண்களிடம் கல் அதிகம் காணப்படுவதற்கு இதுவே காரணம். உடல் பருமன், நீரிழிவு, வயது, குடும்ப வழி ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். பலரும் எதிர்பாராதது ஒன்று உண்டு: வேகமாக எடை குறைவதும் கல்லைத் தரும். கல்யாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று சோற்றையும் எண்ணெயையும் அறவே நிறுத்தி, வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களின் உடல் கரைக்கும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் வந்து குவிகிறது. எண்ணெயே இல்லாத சாப்பாட்டுக்குப் பையும் சுருங்காமல் கிடக்கிறது.

நிறமிக் கல்லின் கதை வேறு. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும் பரம்பரை இரத்த நோய்களிலும், கல்லீரல் சுருங்கிய நிலையிலும் கருங்கல் வருகிறது. பித்தநாளத்தில் கிருமி தொற்றித் தேங்கினால் மண் போன்ற பழுப்புக் கல் வருகிறது. மெலிந்த சிறு பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் என்றால் மருத்துவர் இரத்தத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார். இந்தியாவில் இதற்கு ஒரு வடக்கு தெற்கு வேறுபாடும் உண்டு. எஸ்.எல்.மல்ஹோத்ரா 1968-ல் வெளியிட்ட ஆய்வு ரயில்வே ஊழியர்களை எடுத்துக்கொண்டது. வட இந்திய ஊழியர்களிடம் பித்தப்பைக் கல் தென்னிந்தியர்களைவிட 7 மடங்கு காணப்பட்டதாக அது சொன்னது. வடக்கில் கொலஸ்ட்ரால் கற்களே மிகுதி. நம் பக்கத்தில் நிறமிக் கற்களின் பங்கு கூடுதல். பெரம்பூர் போன்ற ரயில்வே ஊரில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் செய்தி சும்மா சுவைக்காகச் சொல்லப்பட்டதன்று. கல்லைக் கரைக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

கல் இருக்கிறது என்றால் நோய் இருக்கிறது என்று பொருளில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரியவந்தவர்களில் பெரும்பாலோர், ஏறக்குறைய 80 சதவீதம் பேர், வாழ்நாள் முழுவதும் அதனால் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். வலியே தராத கல்லுக்காகப் பொதுவாக அறுவை சிகிச்சை செய்வதில்லை. கல் 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கூடவே பெரிய தசை வளர்ச்சி தெரிந்தாலோ புற்றுநோய் அச்சத்தால் மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம். மற்றவர்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் இழக்க வேண்டியதில்லை.

வலி வந்துவிட்டால் கணக்கு மாறும். பை சுருங்கும்போது ஒரு கல் அதன் கழுத்தில் போய்ச் சிக்கிக்கொள்வதே வலிக்குக் காரணம். மேல் வயிற்றின் நடுவிலோ வலது விலாவின் கீழோ தொடங்கி, வலது தோள்பட்டைக்கோ முதுகுப்புறத் தோள் எலும்புக்கோ ஏறும். அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை விடாமல் இறுக்கிப் பிடித்து, கல் நழுவியதும் தானே விட்டுவிடும். எங்கள் தெருவில் மிளகுக் கல் வைத்திருந்த அத்தைக்கு இரண்டு ஆண்டுகளாக அந்த வலி வந்துபோனது. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட இரவுகளில் சரியாக ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். "கேஸுதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டு பெருங்காயத்தை மோரில் கலந்து குடிப்பார், கோலி சோடா குடிப்பார், ஏப்பம் வரும்வரை கூடத்தில் நடப்பார். விடிவதற்குள் வலி போய்விடும். பெருங்காயத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். கல் தானே நழுவியதைப் பெருங்காயம் செய்த வேலை என்று நினைத்ததில் அவரைக் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அது பலித்தது. ஆனால் வாயு என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளும் மேல் வயிற்று வலி சில சமயம் மாரடைப்பாகவும் இருக்கும். வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், சோடாவைத் தேடாமல் ஆட்டோவைத் தேட வேண்டும்.

சிக்கிய கல் நழுவாமல் நின்றுவிட்டால் பை வீங்கிப் புண்ணாகும். வலி 6 மணி நேரத்தைத் தாண்டும், காய்ச்சல் வரும். அப்போது மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வார். மூச்சோடு கீழிறங்கும் கல்லீரல் வீங்கிய பையை அந்த விரல்களின் மேல் தள்ளும்போது, நோயாளி பாதி மூச்சிலேயே சட்டென்று நிறுத்திவிடுவார். ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே விஷயம் தெரிந்துவிடும் இந்தச் சோதனைக்குச் சிகாகோவின் அறுவை மருத்துவர் மர்ஃபியின் பெயர்.

சிறிய கல் பெரியதைவிடப் பொல்லாதது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொட்டைப்பாக்கு பைக்குள்ளேயே கிடக்கும். மிளகு கழுத்தைத் தாண்டிப் பொதுப் பித்தநாளத்துக்குள் இறங்கிவிடும். அங்கே அடைத்தால் மஞ்சள் காமாலை. இந்தக் காமாலை கிருமியால் வருவதன்று என்பதால், கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு நாளைத் தள்ளுவது ஆபத்தில் கொண்டுபோய் விடும். அடைபட்ட நாளத்தில் சீழ் பிடித்தால் குளிர்நடுக்கக் காய்ச்சல், வலி, காமாலை மூன்றும் சேர்ந்து வரும்; 1877-ல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ சுட்டிக்காட்டிய இந்த மூன்றும் ஒருசேர வந்தால் அன்றைக்கே, அந்த இரவே, ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நாளத்தின் கடைவாயில் கல் சிக்கினால், அங்கேயே வந்து சேரும் கணையத்தின் குழாயும் பாதிக்கப்பட்டுக் கணைய அழற்சி வரலாம். நாளத்தில் உள்ள கல்லை வாய்வழியாகக் குழாய் செலுத்தி எடுக்கும் முறைக்கு ஈ.ஆர்.சி.பி. என்று பெயர்.

கண்டுபிடிப்பது கடினமே இல்லை. 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றோடு போய் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் பைக்குள் இருக்கும் கல் அநேகமாகத் தப்பாது. வெறும் வயிறு எதற்கு என்று இப்போது சொல்லாமலே விளங்கியிருக்கும். ஒரு பாயா இடியாப்பம் உள்ளே போனாலும் பை சுருங்கிவிடும், சுருங்கிய பைக்குள் எதையும் சரியாகப் பார்க்க முடியாது.

ஸ்கேன் அறிக்கை வந்த அன்றே தெருவில் நாலு பேர் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொல்வார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியம். சிறுநீரகக் கல் வேறு உறுப்பில், வேறு பொருளால், வேறு குழாயில் உண்டாவது. தண்ணீரை நிறையக் குடித்துச் சிறுநீரைப் பெருக்கினால் சின்னக் கல் அதோடு வெளியேற வழியுண்டு. பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் இடையில் குழாயே கிடையாது. கல் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதன் விளைவு இது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து மறுநாள் பச்சை பச்சையாகக் "கற்கள்" வெளியேறியதைப் படம் எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கொண்டுவந்த உருண்டைகளைச் சோதித்தபோது அவை குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக மாறி உருண்டவை என்று தெரிந்ததை 2005-ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

கரைக்கும் மாத்திரை உண்மையிலேயே உண்டு. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற அது தானும் ஒரு பித்த அமிலம்தான். ஆனால் சிறிய கொலஸ்ட்ரால் கற்களைத்தான், அதுவும் நன்றாகச் சுருங்கும் பையில் உள்ளவற்றைத்தான், மாதக்கணக்கில் தின்ற பிறகு கரைக்கும். நிறுத்தினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் கல் மறுபடியும் வருகிறது. நிறமிக் கல்லை அது தொடுவதே இல்லை. நம் பக்கத்துக் கற்களின் தன்மையை முன்னே சொன்னேன். இந்த மாத்திரையை நம்பி வலியோடு காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு அது ஒரு காரணம்.

வலி தரும் கல்லுக்கு வைத்தியம் கல்லோடு பையையும் எடுத்துவிடுவதே. கல்லை மட்டும் எடுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லை விளைவித்த பாத்திரத்தை அப்படியே விட்டுவைத்தால் அது மறுபடியும் விளைவிக்கும். பெர்லினில் கார்ல் லாங்கன்பூஹ் 1882 ஜூலை 15 அன்று முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக எடுத்தபோதே இதே வாதத்தைத்தான் முன்வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் வயிற்றை நீளமாகக் கிழித்தே செய்தார்கள். 1985-ல் ஜெர்மனியின் எரிஷ் மூஹே சிறு துளைகள் வழியாகச் செய்து காட்டினார். 1990-ல் மும்பையில் தெஹம்தன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று மூன்று நான்கு துளைகள், ஓரிரு நாள் படுக்கை, ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலை என்பதே பெரும்பாலோருக்கு நடைமுறை.

பை இல்லாமல் எப்படிச் செரிக்கும் என்ற பயத்துக்கு வியாசர்பாடி மொட்டைமாடிகளில் பதில் பறந்துகொண்டிருக்கிறது. அங்கே வளர்க்கும் பந்தயப் புறாவுக்கும் கர்ணப் புறாவுக்கும் பித்தப்பையே கிடையாது. குதிரைக்கும் இல்லை, எலிக்கு இல்லை, சுண்டெலிக்கு இருக்கிறது. கல்லீரல் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. குடத்தில் சேராமல் நேரே குடலுக்கு வடிகிறது, அவ்வளவே. அப்படி ஓயாமல் வடிவதால் தொடக்கத்தில் சிலருக்கு வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை ஒரே வேளையில் வயிறு முட்ட எண்ணெய்ப் பண்டம் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். மிளகுக் கல் அத்தை மூன்றாம் மாதம் தன் தம்பி மகள் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டார். இரவு ஒரு மணிக்கு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எடுத்த பையை மருத்துவமனை பயாப்ஸி சோதனைக்கு அனுப்பும். அரிதாக அதன் சுவருக்குள் புற்றுநோய் ஒளிந்திருப்பது அந்தச் சோதனையில்தான் வெளிப்படும். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால், தையல் பிரித்த அன்றோடு மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் பலர். கல்லிருந்த டப்பாவை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் அத்தையிடம் அந்த அறிக்கை எங்கே என்று கேட்டேன். வாங்கவே இல்லை என்றார். மறுநாள் காலை இருவரும் பேருந்து ஏறிப் போய் வாங்கிவந்தோம்.